கம்பெனி ஸ்பீக்கரை மாற்றும் முன்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என்னிடம் பழைய ஸ்விஃப்ட் இருக்கிறது. ஸ்டீரியோ கம்பெனியில் வந்ததுதான், அதை மாற்றப் போவதில்லை. முன் கதவு ஸ்பீக்கர் இரண்டையும் மாற்ற மொத்தம் 4,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும். என்ன வாங்கலாம்? (மதுரை)

பதில்: 4,000 ரூபாயையும் ஸ்பீக்கரில் போட்டுவிடாதீர்கள் தம்பி. 2,500க்குள் ஒரு கோஆக்ஸியல் ஜோடி (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரும் சேர்ந்தே வருவது) வாங்குங்கள். மீதி கதவுக்கு.

ஸ்பீக்கர் கோன் முன்னால் காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் பின்னால் இழுக்கிறது. இந்த இரண்டு ஒலியும் நேர் எதிரானவை. ஒன்றோடொன்று கலந்தால் அழிந்துபோகும், அதிலும் முதலில் அடிபடுவது பாஸ், அதாவது கனமான அடி ஒலி. உங்கள் கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றிப் பாருங்கள். உள் தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும், அவற்றின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். பின்பக்க ஒலி அந்த வழியாக வந்து முன்பக்க ஒலியைத் தின்றுவிடுகிறது. ஓட்டை அப்படியே இருந்தால் 10,000 ரூபாய் ஸ்பீக்கர் மாட்டினாலும் இதே கதிதான்.

அலுமினியத் தாள் ஒட்டிய 2 மி.மீ. பியூட்டைல் (பிசுபிசுப்பான ரப்பர்) ஷீட் வாங்குங்கள், இதுதான் டேம்பிங் ஷீட். ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் வெளித் தகட்டில் ஒரு துண்டு ஒட்டுங்கள். தகட்டைத் தட்டினால் 'டங்' என்ற சத்தம் 'தப்' என்று மாறும் வரை ஒட்டினால் போதும், கதவு முழுக்க மூட வேண்டாம். பிறகு உள் தகட்டின் பெரிய ஓட்டைகளை மெல்லிய அலுமினியத் தகடு வைத்து, மேலே ஷீட் ஒட்டி அடைத்துவிடுங்கள். அந்தத் தகட்டை ஸ்க்ரூவில் பிடித்தால் நாளைக்குக் கண்ணாடி மோட்டார் பழுதானாலும் கழற்ற முடியும். கடைசியாக, ஸ்பீக்கர் விளிம்புக்கும் டோர் பேடுக்கும் நடுவில் ஃபோம் வளையம்.

கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் இருக்கும். அவற்றை மட்டும் அடைக்கவே கூடாது. கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் அங்கேதான் வெளியேறுகிறது. அடைத்தால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

வேலைக்கு முன்னும் பின்னும் ஏதாவது ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தை ஒரே சத்தத்தில் கேளுங்கள். முன்பு தொப்பியின் 'தோம்' வெறும் தட்டலாக இருந்திருக்கும். இப்போது அதன் நாதம் நின்று அடங்குவது காதில் விழும்.

கேள்வி: ஸ்பீக்கர் பெட்டியில் 350 வாட் என்று போட்டிருக்கிறது. என் ஸ்டீரியோ 45 வாட்தான். தாங்குமா?

பதில்: இரண்டு எண்ணும் உச்சக் கணக்கு, இரண்டையும் நம்ப வேண்டாம். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) நேராகக் காரின் மின்சாரத்தில் ஓடுகிறது. இன்ஜின் ஓடும்போது அது சுமார் 14.4 வோல்ட். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதன் இரு மடங்கான 8-ஆல் வகுத்தால் 26 வாட் வரும். அது ஏட்டுக் கணக்கு. கரகரப்பு இல்லாமல் கிடைப்பது 20 வாட்டுக்குள்தான்.

அதனால் பெட்டியில் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் வாட்) எண்ணையும், அதைவிட முக்கியமாக சென்சிட்டிவிட்டியையும் (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதை) பாருங்கள். 3 டெசிபல் கூடுதலாக இருந்தால் பாதி வாட்டில் அதே சத்தம் வரும். தனி ஆம்ப் இல்லாத காருக்கு 90 டெசிபலுக்கு மேல் தேடுங்கள். ஆனால் அந்த அளவு 1 வாட்டுக்கா, 2.83 வோல்ட்டுக்கா என்று கவனியுங்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் 2 வாட், அதாவது 3 டெசிபல் ஏற்றிக் காட்டிய கணக்கு.

கேள்வி: 16 செ.மீ. வாங்குவதா, 6.5 அங்குலமா?

பதில்: இரண்டும் ஒன்றுதான். ஆழத்தைப் பாருங்கள். கண்ணாடியை முழுக்க இறக்கி, காந்தத்தில் இடிக்கிறதா என்று சோதித்த பிறகே ஸ்க்ரூ போடுங்கள்.

கேள்வி: பின்னால் ஓவல் ஸ்பீக்கர் வைத்தால் பாஸ் வருமே, கதவில் ஏன் இவ்வளவு பாடு?

பதில்: பாட்டு முன்னாலிருந்து வர வேண்டும், முதுகுக்குப் பின்னாலிருந்து அல்ல. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கம்பெனி வயர் நூல் மாதிரி இருக்கிறது, தடிமனான காப்பர் வயர் இழுக்காவிட்டால் புது ஸ்பீக்கர் வீண் என்கிறார் கடைக்காரர். 1,500 ரூபாய் கேட்கிறார். (சேலம்)

பதில்: கொடுக்காதீர்கள். கம்பெனி வயர் 0.5 சதுர மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கதவு வரை 3 மீட்டர், போய்வர 6 மீட்டர். அதன் மின்தடை சுமார் 0.2 ஓம். 4 ஓம் ஸ்பீக்கரில் இதனால் குறையும் சத்தம் 0.43 டெசிபல். 1.5 சதுர மி.மீ. வயர் போட்டால் 0.15. வித்தியாசம் 0.3 டெசிபல்கூட இல்லை. அந்த 1,500 ரூபாய்க்கு டேம்பிங் ஷீட் வாங்குங்கள்.

கேள்வி: சார், மன்னிக்கவும், இதை ஏற்க முடியவில்லை. நான் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். வயர் மாற்றிய வண்டிகளில் சத்தம் தெளிவானதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

பதில்: நீங்கள் கேட்டது உண்மையாகவே இருக்கும். ஆனால் காரணம் தடிமன் அல்ல. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ரப்பர் குழாய்க்குள் வயர் தினமும் மடங்குகிறது. வருடக் கணக்கில் மடங்கினால் உள்ளே இழைகள் அறுந்துபோகும். வயர்களை இணைக்கும் கப்ளரின் பின்னில் பச்சைக் களிம்பு பிடிக்கும். நீங்கள் புது வயர் இழுத்ததும் அந்தக் கோளாறும் சேர்ந்தே போய்விடுகிறது. அடுத்த வண்டியில் பழைய வயரின் மின்தடையை முதலில் மீட்டரில் அளந்து பாருங்கள். அரை ஓமுக்குள் இருந்தால் விட்டுவிடலாம்.

கேள்வி: அப்படியானால் ஆம்ப் போடும்போது மட்டும் ஏன் தடி வயர்?

பதில்: நல்ல கேள்வி, இதில் நீங்கள் சொல்வதே சரி. பேட்டரியிலிருந்து ஆம்புக்குப் போகும் வயரில் 30, 40 ஆம்பியர் ஓடலாம். அங்கே மெலிந்த வயர் சூடாகி எரியும். அதில் தடிமனைக் குறைக்கவே கூடாது. செம்பு பூசிய அலுமினியத்தைச் செம்பு என்று விற்கிறார்கள், பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஃப்யூஸ் இல்லாமல் ஆம்ப் மாட்டித் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: டேம்பிங் ஷீட் விலை அதிகம். மொட்டை மாடிக்கு ஒட்டும் தார் ஷீட் போடலாமா?

பதில்: கூடாது. நம் ஊர் மே மாத வெயிலில் கதவுத் தகடு தொட முடியாமல் சுடும். தார் இளகி வழியும், கார் முழுக்க வாடை அடிக்கும், பிறகு சுரண்டி எடுப்பது பெரும்பாடு. காசு குறைவு என்றால் பியூட்டைலைக் குறைவாக வாங்கி ஓட்டைகளை மட்டும் அடையுங்கள்.

கேள்வி: கம்போனென்ட் நல்லதா, கோஆக்ஸியலா?

பதில்: கம்போனென்டில் ட்வீட்டரைத் தனியாகக் கண்ணாடி மூலையில் வைக்கலாம். பாடகர் குரல் காலடியிலிருந்து எழுந்து முகத்துக்கு நேரே வரும், அருமையாக இருக்கும். ஆனால் 4,000 ரூபாயில் கிடைக்கும் கம்போனென்டைவிட அதே விலைக் கோஆக்ஸியலையே நம்புவேன்.

கேள்வி: எந்த பிராண்ட் வாங்கலாம்?

பதில்: பெயருள்ள எதையும் ரசீதோடு வாங்குங்கள். பெயருள்ளவற்றுக்குத்தான் போலியும் அதிகம்.

கேள்வி: 3,000 ரூபாய்க்குள் பெஸ்ட் ஸ்பீக்கர் எது?

பதில்: முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி: பாஸ் அதிகம் வரும் ஸ்பீக்கர் பெயர் மட்டும் சொல்லுங்கள் ப்ளீஸ்.

பதில்: கதவை அடையுங்கள். இன்னொரு முறை இதே கேள்வி வந்தால் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: புது வண்டி. கப்ளரை வெட்டி இணைத்தால் வாரண்டி போகுமா?

பதில்: வெட்டவே வேண்டாம். உங்கள் மாடலுக்கேற்ற கப்ளர் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு கதவுக்குள் நிற்காது. சூட்டில் பசை இளகி டேப் கழன்றுவிடும். வண்டியை விற்கும்போது பழைய ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டவும் அடாப்டர்தான் வசதி.

கேள்வி: ஸ்பீக்கர் மாற்றிய பிறகு முன்பைவிட பாஸ் குறைந்துவிட்டது. ஸ்பீக்கர் டூப்ளிகேட்டா? (திருச்சி)

பதில்: அவசரப்பட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு பக்கம் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். ஒரு கோன் தள்ளும்போது மற்றது இழுத்தால் பாஸ் காணாமல் போகும். ஸ்டீரியோவில் பேலன்ஸை ஒரே பக்கம் தள்ளிப் பாருங்கள். அப்போது பாஸ் கூடினால் சந்தேகமே வேண்டாம், இதுதான் கோளாறு. ஸ்பீக்கரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸை ஸ்பீக்கர் பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். கோன் வெளியே வர வேண்டும். உள்ளே போனால் முனை அடையாளமே தவறு. ஸ்பீக்கர் சரியாக இருந்தால் ஒரே ஒரு கதவின் கப்ளரில் வயரை மாற்றிப் போடுங்கள்.