குழம்பில் விழுவதற்கு முன்

கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. தெருவில் கிடந்த நாட்டு நாய்க்குட்டியைப் பையன் தூக்கி வந்தான். இப்போது அதற்கு மூன்று வயது, பதினான்கு கிலோ. மதியம் காய் நிறையப் போட்ட சாம்பார் சாதம், ராத்திரி தயிர் சாதம். தட்டை நக்கி வைத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர், "நாய்க்குக் காய்கறி செரிக்காது, பாவம் பண்ணுகிறீர்கள்" என்கிறார். அப்படியா டாக்டர்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: செரிக்காது என்பது தப்பு அம்மா. மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டே பிரதிதான். நாயிடம் நான்கிலிருந்து முப்பது வரை இருப்பதாக ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013-இல் எழுதினார்கள். மனிதன் போட்ட சோற்றைத் தின்று பழகிய வயிறு அது. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளப் பூனையால் முடியாது, நாயால் முடியும். அவரை, பீன்ஸ், கேரட், சுரை, பரங்கி எல்லாம் தாராளமாகப் போடலாம்.

என் பயம் காயைப் பற்றியது அல்ல, அது கிடந்து வெந்த குழம்பைப் பற்றியது. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வெந்தாலும் அந்த விஷம் போகாது. உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயம் ஒரே வேளையில் உள்ளே போனால் ஆபத்து. உங்கள் நாய்க்கு அது 70 கிராம், அதாவது ஏழெட்டுச் சின்ன வெங்காயம். வெங்காய சாம்பார் வைக்கிற நாளில் ஒரு கரண்டியில் எத்தனை விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் கெடுதல்தான். வெங்காயத்தைப் பொறுக்கி எறிந்துவிட்டுப் போடுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். சாறு முழுக்கக் குழம்பில் இறங்கிய பிறகு பொறுக்கி என்ன பயன்?

விருதுநகர் பக்கம் நான் வேலை பார்த்தபோது ஒரு சிப்பிப்பாறை நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார் ஒருவர். "மஞ்சக்காமாலை மாதிரி இருக்கு சார்." ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மூத்திரம் காபி டிகாக்ஷன் நிறம். என்ன போட்டீர்கள் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லியே, சோறுதானே" என்றார். கிளம்பும்போது அவர் மனைவிதான் சொன்னார், நாலு நாளைக்கு முன்னால் வீட்டில் விசேஷமாம், மீந்த வெங்காயக் குழம்பு ஒரு வாளி இருந்ததாம். தின்ற அன்றைக்கே தெரியாது. சில நாள் கழித்துத்தான் நாய் படுக்கும். அதற்குள் குழம்பை எல்லோரும் மறந்திருப்பார்கள். அந்த நாய் பிழைத்துக்கொண்டது.

இன்னொன்று புளி. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பழைய செய்தி (பாயசத்துத் திராட்சையும் இதில் சேர்த்தி). அதில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று இப்போது நினைக்கிறார்கள். புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகம் பழுதானதை அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 2022-இல் எழுதினார்கள். புளியில் அந்த அமிலம் ஏராளம். "எங்கள் தாத்தா காலத்து நாயெல்லாம் ரசஞ்சோறு தின்றே வளர்ந்தது" என்று கடிதம் வரும், தெரியும். வளர்ந்தது சரி. எத்தனை வயது வரை இருந்தது என்று யார் கணக்கு வைத்தார்கள்?

இதற்காகத் தனிச் சமையல் வேண்டாம். வெங்காயம் சேர்க்காமல் முதலில் காயை மட்டும் வேகவிடுங்கள். வெந்ததும் உப்பு, புளி, பொடி எதுவும் விழுவதற்கு முன் இரண்டு கரண்டி காயை நாய்க் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். கூடவே ஒரு கரண்டி வெந்த பருப்பு. அவ்வளவுதான்.

ஆனால் சோறும் காயும் தயிரும் மட்டும் போதாது. புரதம் குறையும், கால்சியம் குறையும். ஒரு அவித்த முட்டை தினமும் போட்டால் பாதிக் கவலை தீரும். பையனிடம் சொல்லிக் கொல்லைப்புறம் ஒரு தனி அடுப்பும் பாத்திரமும் வைத்துக்கொள்ளச் சொல்லலாமே? தூக்கி வந்தவன் அவன்தானே. அதுவும் முடியாது என்றால், 'முழுமையான உணவு' என்று அச்சிட்ட சைவ நாய் உணவு கடையில் கிடைக்கிறது. பாதி வயிற்றுக்காவது அதைக் கொடுங்கள்.

கேள்வி: என் லாப்ரடார் 41 கிலோ. 32-க்கு இறக்கச் சொல்லியிருக்கிறார் எங்கள் டாக்டர். பிஸ்கட்டுக்குப் பதிலாகப் பச்சைக் கேரட் கொடுக்கிறேன். உள்ளே போனது போலவே துண்டு துண்டாக வெளியே வருகிறது. தண்டம்தானா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தண்டம் இல்லை. உங்களுக்கு வேண்டியதே அதுதான். லாப்ரடார் மெல்லாது, விழுங்கும். மெல்லாத காயின் செல் சுவரை அதன் குடலால் உடைக்க முடியாது, அதனால் அப்படியே வருகிறது. வயிறு நிறைகிறது, கலோரி ஏறவில்லை. சத்தும் சேர வேண்டுமென்றால் ஆவியில் வேகவைத்து மசித்துப் போடுங்கள்.

எடை குறைக்க பீன்ஸும் நல்லது. 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 130 கலோரி, அதே எடை வெந்த பீன்ஸில் 35-தான். சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து பீன்ஸைப் போடுங்கள், இறைச்சியைக் குறைக்காதீர்கள். நொறுக்குத் தீனி எதுவானாலும் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. யார் யார் கையிலிருந்து என்ன போகிறது என்று ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பாருங்கள். சாப்பாட்டு மேஜைக்கு அடியில்தான் அந்த ஒன்பது கிலோ ஒளிந்திருக்கும்.

சோளக்கட்டை மட்டும் கண்ணில் படவே வேண்டாம். எல்லோருக்கும் உபதேசம் செய்கிற என் வீட்டிலேயே நடந்தது இது. சுட்ட மக்காச்சோளத்தைத் தின்றுவிட்டுக் கட்டையை எட்டுகிற இடத்தில் வைத்தது நான்தான். இரண்டு நாள் வாந்தி. வயிற்றைத் திறந்து குடலிலிருந்து இரண்டு அங்குலத் துண்டை எடுத்தார் என்னுடன் படித்த நண்பர். என் மனைவி இன்றும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள். மாங்கொட்டைக்கும் இதே விதி.

கேள்வி: பரங்கிக்காய் கொடுத்தால் மலச்சிக்கலும் போகும், பேதியும் நிற்கும் என்கிறார்களே, இரண்டுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: இரண்டும்தான். உங்கள் ஊரில் அரசாணிக்காய் என்பீர்கள், நானும் அப்படித்தான் சொல்லி வளர்ந்தவன். கரையும் நார், கரையாத நார் இரண்டும் அதில் உண்டு. லேசான தொந்தரவுக்கு உப்பில்லாமல் வேகவைத்து மசித்து, நடுத்தர நாய்க்கு இரண்டு மேஜைக்கரண்டி. ஆனால் குட்டி நாய் வாந்தியோடு கழிந்தால் அரசாணிக்காயைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பார்வோ வைரஸ் சில நாளிலேயே கொன்றுவிடும்.

கேள்வி: நேற்று பீட்ரூட் போட்டேன். இன்று காலையில் மலம் சிவப்பு. பயமாக இருக்கிறது.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பெரும்பாலும் பீட்ரூட் சாயம்தான். மலத்திலும் சில சமயம் மூத்திரத்திலும் தெரியும். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்து, நாய் வாலாட்டிக்கொண்டு ஓடுகிறது என்றால் ஒரு நாள் பொறுங்கள். ஈறு வெளுத்திருந்தாலோ சோர்ந்து கிடந்தாலோ பீட்ரூட் மேல் பழியைப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: முற்றிய, கசக்கிற சுரைக்காயை நாங்கள் சாப்பிட முடியாது. வீணாக்காமல் நாய்க்குப் போடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: முற்றியது என்றால் விதையை நீக்கிவிட்டுப் போடலாம். கசந்தால் கூடாது. சுரைக்காயின் கசப்பு குக்கர்பிட்டாசின் என்கிற நஞ்சு. மனிதருக்கே ரத்த வாந்தி வரவழைக்கக்கூடியது. நறுக்கும்போது ஒரு சின்னத் துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புங்கள். கசந்தால் நாய்க்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம். குப்பைக்கு.