பாலுக்குக் கிழமை தெரியாது

பள்ளிக்கூடம் கிளம்பும்போது மட்டும் பையனுக்கு வயிறு வலிக்கிறது, சனி ஞாயிறு ஒன்றுமில்லை, நடிக்கிறானா இல்லை கனடா பால் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. பாலை வேண்டுமானால் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள், ஆனால் பாலுக்குக் கிழமை தெரியாதே. நடிப்பும் இல்லை. 2009-ல் நாங்கள் கனடாவின் மிசிசாகா நகரத்துக்கு வந்தபோது என் மகளுக்கு ஏழு வயது, இதே கதைதான். ஓமத் தண்ணீர், பெருங்காயம், சுற்றிப் போடுவது எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் அவளையே திட்டினேன், இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது.

குடலுக்கென்றே கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன, மூளையோடு வேகஸ் நரம்பு வழியாகத் தொடர்பு. பிள்ளை பயந்தால் குடலின் அசைவு மாறும், மற்ற நேரம் உணராத வாயுகூட வலியாகத் தெரியும். ஸ்கேனில் ஒன்றும் இருக்காது, வலி நிஜம். சின்ன வயதில் நிறைய மன அழுத்தம் பட்டவர்களுக்குப் பெரியவர்களான பிறகு ஐபிஎஸ் (IBS, அடிக்கடி வயிற்று வலியோடு மலச்சிக்கலோ பேதியோ வரும் குடல் கோளாறு) மாதிரி குடல் தொந்தரவு கூடுதலாகக் காணப்படுகிறது, அதனால் வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் யாரும் சொல்லாத விஷயம், பாத்ரூம். ஸ்கூலில் தண்ணீர் கிடையாது, பேப்பர்தான், கதவுக்கு அடியில் இடைவெளி வேறு, போவதற்குக் கையைத் தூக்கி எல்லார் முன்னாலும் இங்கிலீஷில் கேட்க வேண்டும். என் மகள் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். அடக்கினால் மலம் இறுகும், போகும்போது வலிக்கும், அந்தப் பயத்தில் இன்னும் அடக்குவார்கள். டீச்சரிடம் பேசினேன், கேட்காமலே எழுந்து போகலாம் என்றார். பையில் வெட் வைப்ஸ் வைத்தேன். சாப்பிட்டதும் குடல் தானே அசையும், அதனால் காலை டிபன் முடிந்ததும் பத்து நிமிடம் அவசரப்படுத்தாமல் உட்கார வைத்தோம். பாதி வலி அதிலேயே போனது, மீதி அவளுக்கு ஒரு தோழி கிடைத்த பிறகு.

இருந்தாலும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எடை குறைவது, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, இதெல்லாம் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. விடாத வாந்தி, வலது அடிவயிற்றில் ஏறிக்கொண்டே போகும் வலி என்றால் நேராக எமர்ஜென்சிதான். ஃபேமிலி டாக்டர் இன்னும் கிடைக்கவில்லையென்றால் 811 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், ராத்திரியிலும் நர்ஸ் பேசுவார்.

இன்று சாயங்காலம் வயிறு வலித்ததா என்று கேட்காதீர்கள், ஸ்கூலில் பாத்ரூம் போனானா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.