நடுவில் வைக்கலாமா, நறுக்கலாமா, அழிக்கலாமா? பறவைப் பட கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எடிட்டிங் பற்றியவை. கூட வந்த படங்களைப் பார்த்தால் கோளாறு எடிட்டிங்கில் இல்லை, நின்ற இடத்தில்தான். அதனால் சில பதில்கள் கேட்டதை விட்டு வேறு பக்கம் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கரணையில் எடுத்த நெடுங்கால் உள்ளான். ஷார்ப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கிறது. என்ன செய்ய? (வேளச்சேரி வாசகர்)

ரோட்டில் நின்றபடி மேலிருந்து கீழே பார்த்து எடுத்திருக்கிறீர்கள். அந்தக் கோணத்தில் பறவைக்குப் பின்னால் வருவது பக்கத்திலேயே இருக்கிற சேறும் பாசியும்தான், அதுவும் பறவை அளவுக்கே தெளிவாக விழுந்துவிடுகிறது. அப்படியே குத்துக்காலிட்டு உட்காருங்கள். லென்ஸ் பறவையின் கண் மட்டத்துக்கு எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்குப் பின்னணி தள்ளிப்போகும், தூரத்துக் கோரை கரைந்து வெறும் பச்சையாக நிற்கும். இன்னொன்று, நீங்கள் நின்ற ரேடியல் ரோடு சதுப்பு நிலத்தின் குறுக்கே ஏறக்குறைய கிழக்கு மேற்காகப் போகிறது. மார்கழி, தையில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்திருப்பதால் ரோட்டுக்கு வடக்கே இருக்கிற பறவைக்கு முகத்தில் வெளிச்சம் விழும், தெற்கே இருப்பது நிழலுருவமாகத்தான் கிடைக்கும். அதுவும் அழகுதான், தெரிந்து எடுத்தால்.

இனி க்ராப், அதாவது ஓரத்தை நறுக்குவது. நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்வதில் ஒரு தப்பும் இல்லை, வீட்டுக்கு வந்து நகர்த்திக்கொள்ளலாம். உங்கள் உள்ளான் இடப்பக்கம் பார்க்கிறது, அந்தப் பக்கம் இடம் விட்டு, முதுகுப் பக்கம் நறுக்குங்கள். தண்ணீரில் பிம்பம் முழுசாக விழுந்திருந்தால் மட்டும் இந்த விதியை மறந்துவிட்டு, படத்தை நெடுக்குவாட்டில் வைத்து நட்டநடுவில் நிறுத்துங்கள். அந்தச் சிவப்புக் கால் மேலும் கீழுமாக ஒரே கோடாக ஓடுவதுதான் படமே. பிம்பத்தின் தலையைப் பாதியில் வெட்டிவிடாதீர்கள். பறவையின் கால்விரல் நுனியும் அப்படித்தான்: வெட்டுவதாக இருந்தால் கழுத்தோடு துணிந்து வெட்டுங்கள், நுனியை மட்டும் சீவினால் கவனிக்காமல் விட்டதாகத்தான் தெரியும்.

பழவேற்காட்டில் பூநாரைக் கூட்டம், 400 மி.மீ. லென்ஸ். க்ராப் செய்தால் உடைகிறது, டினாய்ஸ் (புள்ளிப்புள்ளியாகத் தெரியும் நாய்ஸை நீக்குவது) போட்டால் பிளாஸ்டிக் ஆகிறது. (தாம்பரம்)

கணக்கைப் பாருங்கள். 24 மெகாபிக்சல் படம் என்றால் 6000-க்கு 4000. அகலம், உயரம் இரண்டையும் பாதியாக நறுக்கினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல், கால் பங்காக நறுக்கினால் 1500-க்கு 1000, அதாவது வெறும் 1.5. 1080 அகலம் கேட்கிற இன்ஸ்டாகிராமுக்கு அது போதும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 12-க்கு 8 அங்குலம் பிரிண்ட் போட 3600-க்கு 2400 வேண்டும், அதற்கு ஆகாது.

ஆனால் உங்கள் படத்தில் பிரச்சினை பிக்சலும் இல்லை. பூநாரைகளின் கால்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், நேராக இல்லாமல் நெளிகின்றன. வெயில் ஏறிய பிறகு தண்ணீருக்கு மேல் காற்று சூடாகி அலைவதால் வருவது அது. தூரம் கூடக் கூட அதிகமாகும், எத்தனை லட்சம் கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் போகாது, எந்த மென்பொருளும் இதைச் சரியாக்கித் தராது. விடிந்ததும் எடுங்கள். அல்லது நறுக்குவதையே விட்டுவிட்டு, மேலும் கீழும் மட்டும் சீவி அகலமான படமாக வையுங்கள். தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு ரோஸ் கோடு, ஓரத்தில் அந்தப் படகு. எனக்கு உங்கள் தொகுப்பில் பிடித்தது அந்த நறுக்காத படம்தான். அடிவானக் கோடு மட்டும் சாய்ந்திருக்கிறது, நிமிர்த்துங்கள்.

சின்னக் கொக்கு எடுத்தால் வெறும் வெள்ளைத் திட்டுதான் வருகிறது. ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகளை) குறைத்தால் சாம்பலாகிறது. (அண்ணா நகர்)

கறுத்த தண்ணீரைப் பார்த்து கேமரா வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது, கொக்கு வெந்துபோகிறது. கேமரா கணிக்கிற வெளிச்சத்தை நாம் ஏற்றி இறக்குகிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -0.7 அல்லது -1-க்கு இறக்குங்கள். அளவுக்கு மீறி வெளுத்த இடம் திரையில் மினுமினுக்கும் எச்சரிக்கையைப் போட்டு வைத்து, கொக்கின் முதுகு மினுக்காத வரை இறக்கினால் போதும். ரா (RAW) கோப்பாக எடுத்திருந்தால் ஹைலைட்ஸில் கொஞ்சம் மீட்கலாம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்சிக்குப் போன இடத்தில் மீட்க ஒன்றுமே பதிவாகியிருக்காது, அதனால்தான் சாம்பல். வெளுத்த வானத்தில் நிற்கிற நீர்க்காகத்துக்கு இதே கதை தலைகீழ், +1 ஏற்றுங்கள்.

மீன்கொத்தி நீலம் இன்னும் தூக்கலாக வர சாச்சுரேஷன் (நிற அடர்த்தி) எவ்வளவு ஏற்றலாம்? (பெரம்பூர்)

பூஜ்ஜியம். வெண்மார்பு மீன்கொத்தியின் நீலத்துக்கு நம்முடைய உதவி தேவையே இல்லை. ஏற்றினால் இறகுக்கு இறகு இருக்கிற கோடெல்லாம் மறைந்து பெயின்ட் அடித்ததுபோல் ஆகிவிடும். பின்னால் இருக்கிற பச்சையையும் மஞ்சளையும் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், நீலம் தானாக முன்னே வரும். ஷார்ப்பனிங்கை மாஸ்க் போட்டுப் பறவைக்கு மட்டும் கொடுங்கள், பின்னணிக்குக் கொடுத்தால் வளர்வது நாய்ஸ்தான். உடம்பைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

ஷட்டரா, ஐஎஸ்ஓவா, எதை விட்டுக்கொடுப்பது?

ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்திறன் எண்ணை. அதை ஏற்றினால் நாய்ஸ் கூடும், பரவாயில்லை. பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகத்தை 1/1600 நொடிக்குக் கீழே இறக்காதீர்கள். நாய்ஸைக் குறைக்க வழி இருக்கிறது, அசைந்த கண்ணுக்குக் கிடையாது.

பஞ்சுருட்டான் முகத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி. ஏஐ ஒரு தட்டில் அழித்துவிடுகிறது. தப்பா? (மடிப்பாக்கம்)

உங்கள் வீட்டுச் சுவருக்கு என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? போட்டிக்கு என்றால் தப்பு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் த இயர் போட்டியில் எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது. பாடம் செய்த எறும்புத்தின்னியை வைத்து எடுத்தது என்று முடிவு செய்து, பரிசு கொடுத்த படத்தையே 2018-இல் திரும்ப நீக்கினார்கள். பார்த்த பறவைகளைப் பதிவு செய்கிற இபேர்ட் தளத்தில் போடும் படத்திலும் கை வைக்காதீர்கள். குச்சிக்குப் பின்னால் இருந்த கண்கோட்டை ஏஐ பார்த்ததே இல்லை, ஊகித்துத்தான் வரைகிறது; இனத்தை அடையாளம் காண நாம் பார்ப்பது அந்த மாதிரிக் கோடுகளைத்தானே. கரைப்பறவைகளின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையத்தைக் குப்பை என்று நினைத்து அழிக்கிறவர்களும் உண்டு, அந்தப் படத்தின் மதிப்பே அந்த வளையம்தான்.

பஞ்சுருட்டான் பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் முன்பு உட்கார்ந்திருந்த இடத்துக்கே திரும்பி வரும். குறுக்கே குச்சி வராதபடி பக்கவாட்டில் இரண்டடி தள்ளி நின்று காத்திருங்கள்.

கூடு, குஞ்சு படங்கள் அனுப்பலாமா?

வேண்டாம். நாம் கிட்டே போனால் தாய் எழுந்து போகும், காக்கை பார்த்துக்கொண்டே இருக்கும். இலையை விலக்கி எடுத்த படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இங்கே வராது.

வாட்டர்மார்க் எங்கே போடுவது? (திருவொற்றியூர்)

மூலையில், சின்னதாக. பறவை மேல் மட்டும் வேண்டாம் சாமி.