பாறைக் கரையோரம் கயாக்கில் படம் எடுக்கப் போகிறீர்களா? முதலில் துடுப்பைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: இரண்டு வருடமாக ஏரியில் கயாக் ஓட்டுகிறேன். அடுத்த மாதம் முதல் தடவையாக நண்பர்களோடு செங்குத்துப் பாறைகள் உள்ள கடற்கரையை ஒட்டிப் போகிறேன். மிரர்லெஸ் கேமராவும் 24-70, 70-200 லென்ஸ்களும் இருக்கின்றன. ட்ரை பேக் (வாயை மடித்து மூடும், தண்ணீர் புகாத பை) போதுமா? ஏரியில் எடுத்த படங்களிலேயே பாதி கலங்கியும் சாய்ந்தும் வந்தன, கடலில் என்ன செய்வது?

பதில்: ட்ரை பேக்குக்கு அப்புறம் வருகிறேன். கயாக்கில் உங்களைக் கவிழாமல் வைத்திருப்பது பாதி படகு, பாதி கையிலுள்ள துடுப்பு. படம் எடுக்க இரண்டு கையையும் கேமராவுக்குக் கொடுத்ததும் அந்த இரண்டாவது பாதி போய்விடுகிறது. ஏரியில் இது உறைக்காது, பாறைக்குப் பக்கத்தில் நன்றாகவே உறைக்கும். செங்குத்துப் பாறையில் மோதும் அலை உடையாமல் அப்படியே திரும்பி வரும். திரும்பும் அலையும் புதிதாக வரும் அலையும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் மேலும் கீழுமாகக் குதிக்கும், உயரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகக்கூட ஆகலாம். தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணச் சலசலப்பு மாதிரிதான் இருக்கும். அப்படித் தண்ணீர் குதிக்கும் பட்டைக்கு வெளியே நில்லுங்கள், பத்து நிமிடம் சும்மா கவனியுங்கள், பெரிய அலைகள் கூட்டமாகத்தான் வரும். குகைக்குள் போகாதீர்கள், வாயிலிலிருந்து தள்ளி நின்று எடுத்தால் போதும்.

துடுப்பு போடுவதை நிறுத்திய கயாக் காற்றுக்குக் குறுக்காகத் திரும்பி நகர ஆரம்பிக்கும். அதனால் காற்று உங்களைப் பாறையை நோக்கித் தள்ளும் இடத்தில் கேமராவைத் தொடவே தொடாதீர்கள். நண்பர் ஒருவர் தன் கயாக்கை ஒட்டி நிறுத்தி உங்கள் படகைப் பிடித்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து தெப்பம் மாதிரி நிற்கும். என்னைக் கேட்டால் எந்த லென்ஸையும்விட இதுதான் படத்தைக் காப்பாற்றும்.

லென்ஸ் ஒன்றுதான், தண்ணீரில் மாற்றும் பேச்சே வேண்டாம். தள்ளி நிற்பதால், தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 70-200. அகலமான லென்ஸில் அந்தப் பிரம்மாண்டப் பாறை ஒரு கோடாகச் சுருங்கிவிடும், வீட்டுக்கு வந்து பார்த்தால் வெறும் தண்ணீரும் வானமும்தான் இருக்கும். இன்னொரு நண்பரின் சிவப்பு அல்லது மஞ்சள் கயாக் பாறையடியில் தெரிகிற மாதிரி, அவரும் அந்தக் குதிக்கும் பட்டைக்கு வெளியேதான், எடுத்தால் பாறையின் உயரம் தானாகப் புரியும்.

கலங்கலுக்கு வருவோம். லென்ஸிலும் கேமராவிலும் உள்ள ஸ்டெபிலைசேஷன் கை நடுக்கத்துக்குத்தான், படகே ஏறி இறங்குவதற்கு அது அவ்வளவாக உதவாது. ஷட்டர் வேகத்தை 1/1000 விநாடியைவிட மெதுவாக வைக்காதீர்கள், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விட்டுவிடுங்கள், கொஞ்சம் புள்ளி தெரிந்தால் தெரியட்டும். கயாக்கில் உட்கார்ந்தால் கண் தண்ணீருக்கு முக்கால் மீட்டர் மேலேதான் இருக்கும், ஒரு மீட்டர் அலை குறுக்கே வந்தாலே பாறையின் அடிவாரம் மறைந்துவிடும். அலையின் உச்சியில் படகு ஒரு கணம் நின்ற மாதிரி இருக்கும், அப்போது மூன்று நான்கு படங்களைத் தொடர்ந்து அழுத்துங்கள். சாய்வைப் பற்றிக் கடலில் கவலைப்படாமல் சுற்றிலும் இடம் விட்டு எடுத்து, பிறகு நிமிர்த்திக்கொள்ளலாம். நுரை வெளுத்துப் போகும், அதனால் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து, பிறகு திருத்த வசதியான ரா (RAW) கோப்பாக எடுங்கள். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) வேண்டாம், படகு திரும்பத் திரும்ப அதையும் சுழற்றிக்கொண்டிருக்க வேண்டும், ஒன்றிரண்டு ஸ்டாப் வெளிச்சமும் போகும்.

சரி, பை. ட்ரை பேக்கை வாயை மூன்று தடவையாவது மடித்து மூடினால்தான் தண்ணீர் தாங்கும், ஈரக் கையோடு அதைத் திறந்து மூடுவதற்குள் எடுக்க வேண்டிய காட்சி போய்விடும். மாற்று உடை, சாப்பாட்டுக்கு அது சரி. கேமராவுக்கு ரப்பர் வளையம் வைத்த கெட்டியான பெட்டி வாங்குங்கள், மூடும்போது அந்த வளையத்தில் மணல் இல்லாமல் பாருங்கள், ஒரு துகள் போதும் தண்ணீர் கசிய. பெட்டியை முன்னால் மேல்தளத்தின் எலாஸ்டிக் கயிறுகளுக்கு அடியில் செருகி, குட்டையான கயிற்றால் படகோடு கட்டுங்கள். கால்களுக்கு நடுவில் வைத்தால் கவிழும்போது வெளியே வரத் தடை. கழுத்தில் மாட்டிய கேமரா வார் அதைவிட மோசம், தலைகீழாகத் தொங்கும்போது எதில் சிக்குமென்று சொல்ல முடியாது. மேல்தளத்தில் திசைகாட்டி இருந்தால் பெட்டியை அதிலிருந்து தள்ளி வையுங்கள், லென்ஸ் மோட்டாரிலும் ஃபோன் ஸ்பீக்கரிலும் காந்தம் உண்டு, முள் சத்தமில்லாமல் பொய் சொல்லும்.

ஃபோனின் ஐபி68 (தண்ணீர் தாங்கும் தரக் குறியீடு) என்பதை நம்பி உப்புத் தண்ணீரில் முக்காதீர்கள், அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் கேமராவைத் துடைத்து விடுங்கள், உப்பு காய்ந்து இறுகினால் பொத்தான்கள்தான் முதலில் போகும்.

கிளம்பும் நேரம் அதிகாலையாக இருக்கட்டும், பெரும்பாலும் காற்றும் குறைவு, வெளிச்சமும் சாய்வாக விழும். ஓதத்தை, அதாவது கடல் நீர்மட்டம் ஏறி இறங்கும் நேரத்தைப் பாருங்கள்: ஆறு மணி நேர ஏற்றத்தில் நடு இரண்டு மணி நேரத்திலேயே பாதித் தண்ணீர் ஏறிவிடும், நீரோட்டமும் அப்போதுதான் வேகம்.

ஒரு மாதம் இருக்கிறதல்லவா, உங்கள் ஏரிக்கே போங்கள். பெட்டியில் கேமராவுக்குப் பதில் அதே எடைக்குத் தண்ணீர் பாட்டில் வைத்து, பக்கத்தில் ஆள் நிற்க, வேண்டுமென்றே நாலைந்து தடவை கவிழ்ந்து வெளியே வந்து மறுபடி ஏறிப் பாருங்கள். பெட்டி எங்கே இடிக்கிறது, கயிறு எவ்வளவு நீளம் வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும்.