முதலில் சீட்டைக் கழற்றுங்கள்: பழைய ஜீப், ஜிப்ஸி சீட் கவர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சீட் கவர் பற்றியவை. மழை விட்டதும் வண்டியைக் கழுவும்போதுதான் பலருக்குக் கிழிசல் கண்ணில் படுகிறது. ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

1998 ஜிப்ஸி கிங், சாஃப்ட் டாப் (துணிக் கூரை). ரெக்சின் போடலாமா, துணி போடலாமா? (கோத்தகிரி)

சாஃப்ட் டாப் வண்டிக்குள் தண்ணீர் வரும். அதை ஒத்துக்கொண்டுதான் கவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரெக்சின் மேலே விழும் தண்ணீரைத் தடுக்கும். ஆனால் தையல் ஓட்டை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஃபோமுக்குள் இறங்கிய தண்ணீரையும் அதே ரெக்சின் வெளியே விடாது. உங்கள் ஊர்ப் பனியில் அது வாரக்கணக்கில் காயாமல் கிடக்கும். பூஞ்சை வாடை வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும்.

பள்ளிப் பை தைக்கிற கெட்டியான பாலியஸ்டர் துணியில், நாடாவும் பக்கிளும் வைத்து, ஐந்து நிமிடத்தில் கழற்றக்கூடிய கவராகத் தைத்துக்கொள்ளுங்கள். நனைந்த அன்றே கழற்றி அடுப்படியில் காயப் போடலாம். பருத்தி கேன்வாஸ் பார்க்க அழகுதான், மலைக்கு வேண்டாம். சமவெளியில், ஹார்ட் டாப் வண்டி என்றால் ரெக்சினே போதும்.

என் மஹிந்திரா தாருக்கு நல்ல கவர் எது? என்ன விலை? (ஊர் எழுதவில்லை)

எந்த வருடத்துத் தார் என்றும் எழுதவில்லை. 2010-ல் வந்த தாரும் 2020-ல் வந்த தாரும் பெயரில்தான் ஒன்று, சீட் வேறு. பின்னால் பக்கவாட்டு பெஞ்சா, முன்னோக்கிய சீட்டா? ஹெட்ரெஸ்ட் தனியாகக் கழலுமா? சாஃப்ட் டாப்பா? இவ்வளவையும் எழுதி, சீட்டை முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து அனுப்புங்கள். அளவு தெரியாமல் விலை சொல்ல முடியாது.

பழைய கவர் மேலேயே புதுக் கவரைப் போட்டு அரை நாளில் தருவதாகக் குஷன் கடையில் சொல்கிறார்கள். மஹிந்திரா எம்எம் 540 ஜீப். செய்யலாமா? (போடி)

கூடாது. ஒவ்வொரு முறையும் இதைத்தான் எழுதுகிறேன், இன்னும் எழுதுவேன்.

என் சொந்த எம்எம் 540 கைக்கு வந்தபோது ஓட்டுநர் சீட்டில் மூன்று கவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மேலே இருந்தது புத்தம் புது ரெக்சின், அருமையான தையல். அதில் மயங்கித்தான் வாங்கினேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது, பிரேக் மிதித்த ஒரு வளைவில் சீட் என்னோடு சேர்ந்து முன்னால் சாய்ந்தது. பின்பக்க போல்ட் இரண்டும் தரைத் தகட்டோடு பிய்ந்து வந்திருந்தன. ஓரங்கட்டி நிறுத்தி, கயிறு போட்டுக் கட்டி, ஊர்ந்து ஊர்ந்து அடிவாரம் வந்து சேர்ந்தேன். பக்கத்தில் என் பையன் உட்கார்ந்திருந்தான்.

வீட்டில் பிரித்துப் பார்த்தால், முதல் கவருக்கு அடியில் பழைய தேங்காய் நார் மெத்தை மக்கி உரமாகிக் கிடந்தது. அது குடித்த தண்ணீர் பல வருடமாகக் கீழே சொட்டி, பிரேமையும், சீட் முன்னும் பின்னும் நகர்கிற ரன்னரையும், தரைத் தகட்டையும் தின்றிருக்கிறது. மூன்று முறை கவர் போட்டவர்களில் ஒருவர் நான்கு போல்ட்டைக் கழற்றியிருந்தால் கண்டுபிடித்திருப்பார். யாரும் கழற்றவில்லை. அரை நாள் மிச்சம் பிடிப்பதற்காக ஒருவர் உயிரைக் காலடித் தகட்டில் தொங்கவிடுகிற பழக்கம் இது. இதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடிவதில்லை.

ஆகவே, முதல் நாள் இரவே போல்ட் தலைகளில் துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். காலையில் சீட்டைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டு, முதலில் தரையைப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் நுனியால் போல்ட் ஓட்டையைச் சுற்றிக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் டிங்கரிங் கடைக்குப் போக வேண்டும், குஷன் கடை வேலை அதற்குப் பிறகுதான். அங்கேயும் வெறும் பட்டி வைத்து மூடச் சம்மதிக்காதீர்கள். அழுகிய இடத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்து சீட். கவரைப் பிரேமோடு பிடித்து வைக்கிற கம்பி வளையங்களான ஹாக் ரிங்குகளை வெட்டிக் கவர்கள் எல்லாவற்றையும் உரித்து, பிரேமைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடியுங்கள். ஸ்பிரிங் கொக்கி ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். ரன்னரைக் கழுவி கிரீஸ் வையுங்கள். நார் மெத்தை இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு, உட்காரும் இடத்துக்கு 40 டென்சிட்டி ஃபோம், முதுகுக்கு 32 போடச் சொல்லுங்கள். டென்சிட்டி என்பது எடைக் கணக்கு. 40 என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ இருக்கும். கெட்டியா, மெத்தென்றா என்பது வேறு விஷயம். அதைக் கையால் அமுக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் எண் மட்டும் சொன்னால் ஒரு துண்டு கேட்டு வாங்கி அதன்மேல் உட்கார்ந்து பாருங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கவர். மொத்தம் மூன்று நாள் ஆகும், ஆகட்டும்.

ஆன்லைனில் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று ஒரு செட் வாங்கினேன். போட்டதிலிருந்து சீட் முன்னும் பின்னும் நகர மறுக்கிறது. (திண்டுக்கல்)

அடியில் இழுத்துக் கட்டும் எலாஸ்டிக் நாடா ரன்னருக்குள் மாட்டியிருக்கும். நெம்புகோலை வைத்து இழுக்காதீர்கள். சீட்டைக் கழற்றி நாடாவை வெட்டி எடுங்கள். ரன்னர் பல் முழுதாகப் பூட்டாமல் பாதியில் நின்றால் ஓடும்போது சீட் நகரும், அதுதான் பெரிய ஆபத்து. பெல்ட் பக்கிள் கவருக்கு அடியில் புதைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்பது எந்த வண்டிக்கும் சரியாகப் பொருந்தாது.

பழைய சிஜே ஜீப். புதுக் கவர் போட்டும் ஓட்டுநர் சீட்டில் டீசல் வாடை. எந்த மெட்டீரியல் போட்டால் வாடை வராது? (ஏற்காடு)

எதைப் போட்டாலும் வரும். சிஜே 3பி வழிவந்த ஜீப்களில் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. சீட்டைத் தூக்கிப் பாருங்கள். மூடியின் வாஷர், அளவு காட்டும் மிதவையின் கேஸ்கெட், ஹோஸ் கிளிப் மூன்றில் ஒன்று கசியும். அதைச் சரிசெய்யும் வரை வண்டிக்குள் யாரும் பீடி பற்றவைக்க வேண்டாம். டீசல் குடித்த ஃபோமைக் கழுவிப் பயனில்லை, மாற்றுங்கள்.

கறுப்பு ரெக்சின் நன்றாக இருக்குமா? (மதுரை)

மதுரையில் திறந்த வண்டிக்கா? வேண்டாம். மதிய வெயிலில் நின்ற கறுப்பு ரெக்சினில் தொடை படுகிற சூட்டில் உட்கார முடியாது. மண் நிறம், சாம்பல் நிறம் பாருங்கள். புழுதியும் அவ்வளவாகத் தெரியாது.

வீட்டில் தையல் மெஷின் இருக்கிறது. நானே தைக்கலாம் என்று நினைக்கிறேன். எத்தனை மீட்டர் வாங்க வேண்டும், என்ன நூல்? (தாராபுரம்)

தாராளமாகத் தையுங்கள். பழைய கவரைத் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எண்ணும் மேல்பக்கக் குறியும் போட்டு, அதையே அச்சாக வைத்து வெட்டுங்கள். ரெக்சின் 54 அங்குல அகலத்தில் வரும். முன் சீட் இரண்டுக்கும் சுமார் 4 மீட்டர், பின் பெஞ்ச் இரண்டுக்கும் இன்னொரு 3. அரை மீட்டர் கூடவே வாங்குங்கள், முதல் முறை ஒரு துண்டு கட்டாயம் வீணாகும்.

நூல் பாலியஸ்டர். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும், நைலான் வெயிலுக்கு அவ்வளவு தாங்காது. நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று நினைக்காதீர்கள். நெருங்கிய ஓட்டைகள் அஞ்சல் தலை ஓரம் மாதிரி ஆகி, ரெக்சின் அந்தக் கோட்டிலேயே கிழியும். ஓர் அங்குலத்துக்கு ஆறு தையல் போதும். பருத்தி கேன்வாஸ் என்றால் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கிவிடும். வீட்டு மெஷின் இரண்டு மடிப்பு ரெக்சினைத் தாங்கலாம், பைப்பிங் (ஓரத்தில் வைக்கும் உருண்டை விளிம்பு) சேர்ந்த இடத்தில் நான்கு மடிப்பு வரும்போது ஊசி உடையும். அந்த இடங்களை மட்டும் கடையில் கொடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

தைக்க உட்காரும் முன் சீட்டைக் கழற்றி அடியைப் பார்த்தீர்களா?

ரெக்சினைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்தால் பளிச்சென்று ஆகிறது. தொடரலாமா? (கரூர்)

நிறுத்துங்கள். ரெக்சினை வளையவைக்கிற எண்ணெய்ச் சத்தைப் பெட்ரோல் உறிஞ்சிவிடும், கொஞ்ச நாளில் வெடிக்கும். சோப்புத் தண்ணீரும் ஈரத் துணியும் போதும். சிலிக்கான் பாலிஷும் வேண்டாம், மலைப் பாதையில் சீட் வழுக்கும்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சவாரி ஓட்டுகிறேன். பின் பெஞ்சில் புது ரெக்சின் போட்டதிலிருந்து ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிகிறார்கள்.

பக்கவாட்டு பெஞ்சில் ஏற்றத்தில் ஆள் பெஞ்சின் நீளவாக்கில் பின்கதவுப் பக்கம் சரிவார். உங்கள் கவரில் வரிகள் பெஞ்சின் நீளத்துக்கே ஓடுகின்றன என்று படத்தில் தெரிகிறது, அது சறுக்குப் பலகை மாதிரிதான். முதுகுப் பக்கத்திலிருந்து முழங்கால் பக்கம் வருகிற மாதிரி குறுக்கு வரிகளாகத் தைக்கச் சொல்லுங்கள். இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரி, அடியில் மெல்லிய ஃபோம் வைத்துப் புடைப்பாக. சொரசொரப்பான ரெக்சினாகவே எடுங்கள். மேலே பிடிக்கக் கம்பி இல்லையென்றால் கவருக்கு முன் அதை வையுங்கள். அந்தப் பாதையில் கவர் மட்டும் யாரையும் பிடித்து வைக்காது.

எவ்வளவு இழுத்தாலும் மூலையில் சுருக்கம் விழுகிறது. (உடுமலை)

கவரை அரை மணி நேரம் வெயிலில் போட்டுவிட்டு, சூடு ஆறும் முன் மாட்டுங்கள். நடுவில் முதலில் ஹாக் ரிங் போட்டு, பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறி மூலைக்குப் போங்கள். ஒரு மூலையில் ஆரம்பித்தால் எதிர் மூலையில் சுருக்கம் விழத்தான் செய்யும்.