மாடல் தப்பா, கருவி தப்பா? முதலில் உயரத்தைப் பாருங்கள்

கேள்வி: ஊட்டியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். ஆர்க்டிக்கில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் உள்ள செப்பலின் காற்று ஆய்வு நிலையத்தின் கருப்பு கார்பன் (புகைக்கரித் துகள்) அளவை, நாசாவின் மெர்ரா-2 வளிமண்டல மாடலோடு ஒப்பிடுவது என் புராஜெக்ட். எங்கள் கல்லூரி மாடியில் உள்ள எத்தலோமீட்டரையும் (கருப்பு கார்பனை அளக்கும் கருவி) சேர்த்துப் பார்த்தேன். அங்கே மாடல் குறைத்துக் காட்டுகிறது, இங்கே இரண்டு மடங்கு கூட்டிக் காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: மாடலும் கருவியும் ஒரே காற்றைத்தான் அளக்கின்றனவா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். மாடல் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு மதிப்பு தரும். மெர்ரா-2 கட்டம் ஒன்று 0.5 பாகை அட்சம், 0.625 பாகை தீர்க்கம். நம் பக்கத்தில் சுமார் 55க்கு 68 கி.மீ. ஊட்டி, குன்னூர், மசினகுடி, மேட்டுப்பாளையம் எல்லாமே ஒரே கட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. மாடலின் 'தரை' என்பது இவற்றின் சராசரி உயரம். 2,240 மீட்டரில் இருக்கும் உங்கள் மாடி அல்ல. மாடலின் தரைமட்ட மதிப்புகள் உள்ள கோப்பை எடுத்தால் மேட்டுப்பாளையத்துப் புகையும் ஊட்டிக் கணக்கில் ஏறும். செப்பலின் 474 மீட்டரில் இருக்கிறது, அதன் அடிவாரத்து நி-ஓலெசுண்ட் ஊர் கடலோரத்தில். குளிர்காலத்தில் வெப்பத் தலைகீழ் அடுக்கு (கீழே குளிர்ந்த காற்று, மேலே வெப்பக் காற்று) வந்துவிட்டால் அங்கேயும் மேலே ஒரு காற்று, கீழே வேறு காற்று.

ஆகவே ஒவ்வொரு உயர அடுக்குக்கும் மதிப்பு தரும் முப்பரிமாணக் கோப்பை எடுத்து, நிலையத்தின் காற்றழுத்தத்துக்கு இடைக்கணிப்பு செய்யுங்கள் (மேலும் கீழும் உள்ள அடுக்குகளிலிருந்து இடையிலுள்ள மதிப்பைக் கணியுங்கள்). ஊட்டிக்கு ஏறக்குறைய 775 ஹெக்டோபாஸ்கல், செப்பலினுக்கு 950. அதில் கருப்பு கார்பன் இரண்டு மாறிகளாக இருக்கும்: நீர் ஒட்டாதது, நீர் ஒட்டுவது. இரண்டையும் கூட்டுங்கள். ஆர்க்டிக்கை எட்டும் பழைய புகையில் பெரும்பகுதி இரண்டாவது வகை. அதை விட்டுவிட்டால் மாடல் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும்.

பலரும் சறுக்குவது கன அளவில். நிலையத் தரவு பெரும்பாலும் 0 டிகிரி, 1013.25 ஹெக்டோபாஸ்கலுக்கு மாற்றித் தரப்படும். செப்பலினில் இதனால் வரும் வித்தியாசம் சில சதவீதம்தான். ஊட்டியின் மெலிந்த காற்றில் ஏறத்தாழ 1.4 மடங்கு! உயரப் பிழை மாடலைக் கூட்டும், இது குறைக்கும். இரண்டும் ஈடுகட்டிக்கொண்டு பொய்யான பொருத்தமும் வரலாம். மாடலின் இரண்டு மாறிகளையும் கூட்டி வந்த கலவை விகிதத்தை (ஒரு கிலோ காற்றில் எத்தனை கிலோ கார்பன்) தர நிலைக் காற்றின் அடர்த்தியான 1.29 ஆல் பெருக்கி, 10^12 ஆல் பெருக்கினால் அதே தர நிலையில் கன மீட்டருக்கு நானோகிராம் கிடைக்கும்.

பிறகு நேரம். முப்பரிமாணக் கோப்பு 3 மணிக்கு ஒருமுறை, உலக நேரத்தில். ஊட்டிக்கு நம் நேரம் 2:30, 5:30 அதிகாலைப் புள்ளிகளை மட்டும் எடுங்கள். மதியத்தில் சரிவேறும் காற்று சமவெளிப் புகையை மேலே கொண்டுவரும், இந்தக் கட்டத்துக்கு அந்தச் சரிவே தெரியாது. கருவி ஓடாத நேரங்களை மாடலிலிருந்தும் நீக்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு செப்பலினில் ஜனவரி–ஏப்ரல் குறை மிஞ்சினால், அது மாடலின் குறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வழியிலேயே மழையிலும் பனியிலும் துகள்களை அதிகமாகக் கழுவிவிடுவதும், வட ரஷ்ய எண்ணெய் வயல்களில் எரிக்கப்படும் வாயுவின் புகை, மாடலுக்குக் கொடுக்கப்படும் உமிழ்வுப் பட்டியலில் குறைவாக இருப்பதும் தெரிந்த காரணங்கள். துருவ இரவில் செயற்கைக்கோளின் ஒளித்தடிமன் (காற்றிலுள்ள துகள்கள் ஒளியை எவ்வளவு தடுக்கின்றன என்ற) அளவீடும் இல்லாததால் மாடலைத் திருத்த வழியில்லை. ஆண்டுச் சராசரி போடாதீர்கள். கோடை மிகை குளிர்காலக் குறையை மறைத்துவிடும். மாதவாரியாக இடைநிலை மதிப்பைப் போடுங்கள். எத்தலோமீட்டர் அளப்பது ஒளி உறிஞ்சலை, எடையை அல்ல. உறிஞ்சலை எடையாக மாற்ற நீங்கள் எடுத்த மாற்றுக் குணகத்தை அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள்: குணகம் மாறினால் எல்லா மாதமும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்கும், பருவ வடிவம் மாறாது.