கோடரியா, மஷெட்டியா, பெருங்கத்தியா? விறகு வெட்டும் கருவிகள் குறித்த கேள்வி பதில்

விறகு வெட்டும் கைக்கருவிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெருங்கத்தி என்று நான் குறிப்பிடுவது, முதுகு 5 முதல் 7 மி.மீ. வரை தடித்து, அலகு 20 முதல் 30 செ.மீ. வரை நீண்ட கத்தியை. மஷெட்டி என்பது 2 முதல் 3 மி.மீ. தடிப்பே உள்ள, அரை மீட்டர் அளவுக்கு நீண்ட, வளைந்து கொடுக்கும் மெல்லிய வெட்டுக்கத்தி. கோடரியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?

பதில்: உங்கள் விறகு எவ்வளவு தடிமன், அதைக் குறுக்கே தறிக்கப் போகிறீர்களா, நெடுக்கே பிளக்கப் போகிறீர்களா என்ற இரண்டையும் நீங்கள் சொல்லவில்லை. விடை அந்த இரண்டில்தான் இருக்கிறது. மரத்தின் நார்கள் அடியிலிருந்து நுனி நோக்கி ஓடுகின்றன. நெடுக்கே பிளக்கும்போது நார்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கினால் போதும். குறுக்கே தறிக்கும்போதோ ஒவ்வொரு நாரையும் அறுத்தாக வேண்டும். விலக்குவதற்குத் தடித்த ஆப்பு வடிவம் உதவும், அறுப்பதற்கு மெல்லிய கூர் உதவும். இந்த இரண்டு வேலையையும் முழு நிறைவாகச் செய்யும் ஒரே கருவி கிடையாது.

விரல் தடிமனுள்ள பச்சைக் கொம்புகளும் புதருமே உங்கள் வேலை என்றால் மஷெட்டி. மணிக்கட்டுத் தடிமன் வரை எப்போதாவது வெட்டுவதென்றால் பெருங்கத்தி போதும். அதற்கு மேல் தடித்த விறகு என்றால் கோடரி. தெளிவாகத் தெரியவில்லை என்றாலும் கோடரியையே வாங்குங்கள், ஏனென்றால் தடித்த கட்டையைக் கத்தியால் சமாளிப்பதைவிட மெல்லிய கொம்பைக் கோடரியால் சமாளிப்பது எளிது.

கேள்வி: என் மஷெட்டியும் என் சிறு கோடரியும் ஏறத்தாழ ஒரே எடை. ஆனால் கோடரி மட்டும் ஆழமாக இறங்குகிறது. ஏன்?

பதில்: நல்ல கேள்வி. எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதே இங்கே முக்கியம். மஷெட்டியின் எடை அலகு நெடுகப் பரவியிருக்கிறது. கோடரியின் எடை காம்பின் முனையில் திரண்டு நிற்கிறது. ஒரே எடையும் ஒரே நீளமும் உள்ள இரண்டு கருவிகளை, பிடிக்கும் முனையை மையமாக வைத்து ஒரே வேகத்தில் சுழற்றுவதாகக் கொள்ளுங்கள். எடை முழுவதும் நுனியில் இருக்கும் கருவி சுமக்கும் இயக்க ஆற்றல், எடை சீராகப் பரவிய பட்டை சுமப்பதைப் போல மூன்று மடங்கு. உண்மையான கருவிகள் இவ்வளவு தூய கணக்குக்கு அடங்காவிட்டாலும், உங்கள் கை உணரும் வேறுபாட்டின் வேர் இதுதான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மெல்லிய பச்சைக் கொம்பு அடிபட்டவுடன் விலகி ஓடும். அது விலகுவதற்குள் அறுபட வேண்டுமென்றால் எடையைவிட வேகமே தேவை, அந்த வேகம் மஷெட்டிக்கே உண்டு. கோடரியால் அதே கொம்பை அடித்தால் அது வளைந்து, துள்ளி, சில வேளைகளில் கருவியையே முகத்தை நோக்கித் திருப்பி அனுப்பும். புதருக்குள் கோடரியை வீசுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: காய்ந்த கட்டையில் மஷெட்டியால் வெட்டும்போது உள்ளங்கை எரிகிறது. பிடிக்குத் துணி சுற்றலாமா?

பதில்: துணி வேண்டாம், அது நழுவும். அலகின் எந்த இடத்தால் அடிக்கிறீர்கள் என்று பாருங்கள். சுழலும் எந்தக் கருவியிலும், அடித்தால் பிடிக்கு அதிர்வு மிகக் குறைவாக வந்து சேரும் ஓர் இடம் உண்டு. சீரான பட்டையில் அது பிடிக்கும் முனையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் இருக்கும். நீங்கள் நுனியால் அடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த இடத்தைக் கண்டுபிடித்த பிறகும் எரிந்தால், அந்தக் கட்டை மஷெட்டிக்கு உரியதன்று.

கேள்வி: கோடரி ஒவ்வொரு வெட்டிலும் மரத்தில் சிக்கிக்கொள்கிறது. கூர் போதவில்லையா?

பதில்: பெரும்பாலும் கூர் காரணமல்ல, வாய் குறுகிய வெட்டே காரணம். நேர் செங்குத்தாக அடித்தால் நார்கள் அலகை இருபுறமும் கவ்விக்கொள்ளும். 45 பாகை சாய்த்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாறி மாறி வெட்டினால் நடுவிலுள்ள மரம் சில்லாகப் பெயர்ந்து வெளியே தெறிக்கும். சில்லு தெறிக்காமல் தழும்பு மட்டும் விழுகிறது என்றால் கோணம் தவறு.

வெட்டைத் தொடங்கும்போதே அதன் வாயைப் போதிய அகலத்துக்குத் திறக்க வேண்டும். 10 செ.மீ. தடிமனுள்ள கட்டையை இரு புறமிருந்தும் வெட்டுவதானால் ஒவ்வொரு புறமும் 5 செ.மீ. ஆழம் போக வேண்டும். இரு சரிவுகளும் 45 பாகை என்றால் மேல்வாய் 10 செ.மீ. அகலம் இருந்தாக வேண்டும். அதாவது வெட்டின் வாய் கட்டையின் தடிமன் அளவுக்கு இருக்கட்டும். ஒரே புறமிருந்து வெட்டினால் வாயின் அகலம் 20 செ.மீ. ஆகிவிடும், அவ்வளவு மரமும் சில்லாக வீணாகும். எனவே பாதி வெட்டியதும் கட்டையைத் திருப்பிப் போடுங்கள்.

திருப்பிப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வெட்டு முடியும் இடத்தில் உங்கள் உடலின் எந்தப் பகுதியும் இருக்கக் கூடாது. இதை இந்தப் பதில்களில் மீண்டும் மீண்டும் சொல்வேன்.

கேள்வி: கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ் எஃகா?

பதில்: வெட்டி அடிக்கும் வேலைக்குக் கார்பன் எஃகு. அது துருப்பிடிக்கும், ஆனால் அடியைத் தாங்கும், அரத்தாலேயே கூர் ஏற்றவும் முடியும்.

கேள்வி: கோடரி என்பதே பழக்கத்தால் தூக்கிச் சுமக்கப்படும் வீண் எடை. 25 செ.மீ. அலகுள்ள தடித்த கத்தி ஒன்றிருந்தால் வெட்டலாம், செதுக்கலாம், முதுகில் மரக்கட்டையால் தட்டிப் பிளக்கவும் செய்யலாம். இதை ஏன் நீங்கள் ஒப்புக்கொள்வதில்லை?

பதில்: பாதியை ஒப்புக்கொள்கிறேன். கத்தியைக் கட்டையின் தலையில் வைத்து, முதுகில் மரத்தடியால் தட்டிப் பிளக்கும் முறை மிகத் துல்லியமானது. கூர் எங்கே இறங்கப் போகிறது என்பது முதல் தட்டுக்கு முன்பே தெரிந்துவிடும். வீச்சு இல்லாததால் இடறும் ஆபத்தும் குறைவு. அடுப்பு மூட்டச் சிறு சிராய் பிளக்க அதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியாது.

ஆனால் அதற்கு எல்லைகள் உண்டு. அலகு கட்டையின் விட்டத்தைவிடச் சில செ.மீ. நீளமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கத்தி கட்டைக்குள் புதைந்தபின் தட்டுவதற்கு நுனி வெளியே நீளாது. அலகின் எஃகு பிடியின் கடைசி வரை ஓட வேண்டும். பாதியில் முடியும் கத்திகள் பிடிக்குள்ளேயே முறியும். கணு உள்ள கட்டையில் அலகு பக்கவாட்டில் முறுக்கப்பட்டு வாய் உடையும். இரும்புச் சுத்தியலால் தட்டவே கூடாது, முதுகு பிசிறிச் சில்லு கண்ணுக்குப் பாயும். இந்த எல்லைக்குள் நின்றால் உங்கள் கத்தி நல்ல கருவி. எல்லையைத் தாண்டிவிட்டுக் கோடரி வீண் எடை என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

அதே அன்பரின் மறுமொழி: ஆற்றல் வேகத்தின் இருமடியோடு பெருகும், எடையோடு நேர் விகிதத்தில்தான் பெருகும். இலேசான கத்தியை வேகமாக வீசினால் உங்கள் கணக்கு கவிழ்ந்துவிடுமே?

பதில்: சூத்திரம் சரி. ஆனால் வீசுகிற கைக்கும் எடை உண்டு. கருவியின் எடையைப் பாதியாக்கினால் கையின் வேகம் இரட்டிப்பாவதில்லை, சிறிதே கூடுகிறது. ஆகவே இழந்த எடைக்கு ஈடான வேகம் திரும்பக் கிடைப்பதில்லை. நீண்ட காம்புள்ள கோடரிக்கு இரண்டு கைகளின் உழைப்பும் முதுகின் சுழற்சியும் சேர்கின்றன. கத்திக்கு ஒரு கையும் ஒரு தோளும்தான். ஒரே தடிமனுள்ள இரண்டு கட்டைகளை எடுத்து, ஒன்றைக் கத்தியாலும் மற்றதைக் கோடரியாலும் தறித்துப் பாருங்கள். எத்தனை வீச்சு என்று எண்ணுவதோடு நிற்காமல், முடித்தபின் முன்கை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். களைத்த கைதான் குறி தவறும்.

இன்னொருவர்: இந்த வாதத்தில் நானும் சேர்கிறேன். கோடரியாலும் செதுக்கலாம். கத்தி எதற்கு?

பதில்: செதுக்கலாம். தலைக்குக் கீழே ஒட்டிப் பிடித்து, விரல்களை அலகின் பின்னால் மடக்கி வைத்தால் சிறு கோடரி ஓரளவு கத்தியைப் போலவே இழையும். ஆனால் நுண்ணிய வேலைக்கு ஒரு சிறு கத்தி கூடவே இருப்பது நல்லது. கோடரியும் சிறு கத்தியும் கொண்ட இணை, பெருங்கத்தி ஒன்றைவிட மேலானது என்பதே என் முடிவு.

மூன்றாமவர்: ரம்பமும் பெருங்கத்தியும் என்றால்?

பதில்: இப்போது வாதம் உருப்படியான இடத்துக்கு வந்திருக்கிறது. குறுக்கே தறிக்க ரம்பமே சிறந்தது, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அது சில மி.மீ. அகலமுள்ள மரத்தை மட்டுமே தூளாக்குகிறது, சில்லு தெறிப்பதில்லை, வீச்சும் இல்லை. மடக்கு ரம்பத்தால் அளவாக அறுத்து, பெருங்கத்தியைத் தட்டிப் பிளப்பது, சிறு விறகுக்குப் போதுமான, பாதுகாப்பான ஏற்பாடு. கத்தியை ஆதரித்தவர் தம் கத்தியோடு ரம்பத்தையும் சேர்த்திருந்தால் நான் மறுத்திருக்கவே மாட்டேன். தொடையளவு கட்டையைப் பிளக்க வேண்டி வரும்போதுதான் அந்த ஏற்பாடு நின்றுபோகிறது, கோடரி தொடங்குகிறது.

கேள்வி: கோடரி, மஷெட்டி இரண்டில் எது சிறந்தது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: குக்ரி கத்தி கோடரிக்கு ஈடாகுமா?

பதில்: முன்பக்கம் எடை கூடி, உள்நோக்கி வளைந்திருப்பதால் அதே எடையுள்ள நேர்க்கத்தியைவிட ஆழமாக இறங்கும். கோடரிக்கு ஈடாகாது. காரணத்தை இரண்டாம் பதிலில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: காம்பு தளர்ந்துவிட்டது. இரவு முழுவதும் தண்ணீரில் ஊற வைத்தால் இறுகுமா?

பதில்: இறுகும், ஒரு நாளைக்கு. தண்ணீர் குடித்த மரம் ஊதும், ஆனால் இரும்புத் துளைக்குள் ஊத இடமில்லாததால் அதன் நார்கள் நசுங்கும். காய்ந்ததும் முன்பைவிடச் சுருங்கி, தலை முன்பைவிடத் தளரும். வீச்சின் நடுவே கழன்று பறக்கும் ஒன்றரைக் கிலோ இரும்பு யார்மீது விழும் என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது. காம்பை நிமிர்த்தி, அதன் அடிமுனையைக் கட்டையில் தட்டித் தலையை இறக்கி, புதிய மர ஆப்பு அடியுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் காம்பை மாற்றுங்கள்.

புதுக் காம்பு வாங்கும்போது அதன் அடிமுனையை உற்றுப் பாருங்கள். அங்கே தெரியும் வளையக் கோடுகள் அலகு நோக்கும் திசையிலேயே ஓட வேண்டும். அதற்குக் குறுக்கே ஓடினாலோ, காம்பின் பக்கவாட்டில் நார் பாதியிலேயே சாய்ந்து வெளியேறினாலோ, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எடுக்காதீர்கள். வாங்கியபின் ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள்.

கேள்வி: மின்சாணையில் கோடரியைத் தீட்டலாமா?

பதில்: வேண்டாம். மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும். எஃகில் நீல நிறம் தோன்றினால் அந்த இடம் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். அங்கே பதம் இறங்கிப்போயிருக்கும், மீண்டும் தீட்டினாலும் கூர் நிற்காது. கோடரிக்கும் மஷெட்டிக்கும் அரமே போதும். அரம் முன்னே தள்ளும்போது மட்டுமே அராவும், பின்னே இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். தீட்டியபின் விளிம்பை மேல்நோக்கி விளக்கொளியில் பிடியுங்கள்: மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும், கூரான இடத்தில் எதுவும் மின்னாது.

கேள்வி: கோடரி எறியும் விளையாட்டுக்கு எது ஏற்றது?

பதில்: அது என் துறையன்று. அதைப் பயிற்றுவிப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: மஷெட்டி நழுவாமலிருக்க அதன் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிறேன். சரிதானே?

பதில்: சரியல்ல. கை நழுவினால் கருவி தூரப் போவதே நல்லது. மணிக்கட்டில் கட்டியிருந்தால் அது உங்களைச் சுற்றியே சுழன்று வரும். நழுவுகிறது என்றால் வியர்வையைத் துடைத்துவிட்டுச் சிறிது ஓய்வெடுங்கள்.

கேள்வி: நான் புதியவள். பெரிய கோடரி பயமாக இருக்கிறது. பாதுகாப்புக்காகச் சிறிய கைக்கோடரியில் தொடங்கலாமா?

பதில்: அம்மா, பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், ஆகையால் விரிவாகச் சொல்கிறேன். நீண்ட காம்புள்ள கோடரி குறி தவறினால் அதன் வீச்சு பெரும்பாலும் உங்களுக்கு முன்னால் தரையில் முடியும். 35 செ.மீ. காம்புள்ள கைக்கோடரியை நின்றபடி வீசித் தவறினால் அந்த வளைவு உங்கள் முழங்காலிலோ கணுக்காலிலோ முடியும். எனவே சிறியது பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். கைக்கோடரியையே விரும்பினால் மண்டியிட்டு, அகலமான அடிக்கட்டையின் மேல் விறகை வைத்து, அடிக்கட்டையின் மறு ஓரத்தை ஒட்டி வெட்டுங்கள். தவறிய அடி அடிக்கட்டையிலோ மண்ணிலோதான் விழும். விறகைக் கையால் பிடித்துக்கொண்டு வீசாதீர்கள். நிற்காமல் சாய்கிறதென்றால் கூரை அதன் தலையில் பதித்து, விறகையும் கோடரியையும் சேர்த்துத் தூக்கி அடிக்கட்டையில் தட்டுங்கள்.

நின்று பிளக்க விரும்பினால் 70 செ.மீ. அளவு காம்பும் ஒன்றரைக் கிலோவுக்கு மிகாத தலையும் உள்ளதை எடுங்கள். கால்களை அகட்டி நில்லுங்கள். அடி இறங்கும்போது முழங்காலைச் சற்று மடக்கினால் அலகு உங்களை நோக்கி வளையாமல் நேராகக் கீழே போகும். முதல் சில நாட்கள் கணுவில்லாத, நேர்நார் கட்டைகளை மட்டுமே தேர்ந்தெடுங்கள். கண்ணாடி அணியுங்கள். வெட்டு முடியும் இடத்தில் உங்கள் உடல் இல்லை என்பதை ஒவ்வொரு வீச்சுக்கு முன்னும் பாருங்கள்.

கேள்வி: மஷெட்டி துருப்பிடிக்காமலிருக்க என்ன செய்வது?

பதில்: வேலை முடிந்ததும் பச்சை மரத்தின் சாற்றைத் துடைத்து, உலர்த்தி, எண்ணெய்த் துணியால் ஒரு முறை தேய்த்து வையுங்கள். ஈரத் தோலுறைக்குள் வைக்காதீர்கள்.